நிறுத்துவதும் நின்றிருப்பதும்: போட்டி ரோபோக்களில் பிரேக்கும் பூட்டும்

ஒரு பாரத்தை மேலே தூக்கியாகிவிட்டது. தூக்கிய மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிட்டது. பாரம் அங்கேயே நிற்குமா, இறங்கிவிடுமா? போட்டிகளுக்காக ரோபோ செய்யும் பொறியியல் மாணவர்கள் வருடந்தோறும் மோதிக்கொள்ளும் கேள்வி இது. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகான் போட்டியில், 2016ஆம் ஆண்டு பாங்காக்கில் ரோபோ ஒரு கம்பத்தில் ஏறி உச்சியில் காற்றாலை இறக்கையைப் பொருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2020ஆம் ஆண்டு ஆட்டத்தில், கடைசி நொடிகளில் ரோபோக்கள் ஒரு குறுக்குக் கம்பியைப் பற்றித் தொங்க வேண்டியிருந்தது. நேரம் முடிந்ததும் எல்லா மோட்டார்களுக்கும் போகும் கட்டளை தானாகவே அறுந்துவிடும். அதன் பிறகு ரோபோவைத் தாங்குவது மோட்டாரின் வேலையாக இருக்க முடியாது.

கேள்வி ரோபோவோடு பிறந்ததல்ல. தேனி மாவட்டக் குச்சனூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள்ளேயே அதற்கு மூன்று பழைய விடைகள் இருக்கின்றன. சித்திரையில் ஓடும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் தேர், போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஏறும் மலைச்சாலைகள், குரங்கணிக்கு அருகே கொட்டகுடியை மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷனோடு ஒரு காலத்தில் இணைத்திருந்த கயிற்றுப்பாதை. இந்த விடைகளோடு தொடங்கி, இன்றைய ரோபோ வடிவமைப்பாளர்கள் எடுக்கும் முக்கியமான நிலைப்பாடுகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. ஓடுவதை நிறுத்துவது ஒரு வேலை, நின்றதை நின்றபடி வைத்திருப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே உறுப்பின் தலையில் கட்டும்போதுதான் பெரும்பாலான வடிவமைப்புகள் தடுமாறுகின்றன என்று கருதக் காரணம் இருக்கிறது.

தேரும் மலைச்சாலையும்

தமிழ்நாட்டுத் தேர்களுக்கு நெடுங்காலம் இருந்த பிரேக் முட்டுக்கட்டைதான். சரிவாகச் செதுக்கிய கட்டையை உருளும் சக்கரத்தின் முன்னால் செருகுவார்கள். சக்கரம் அந்தச் சரிவில் ஏறப் பார்க்கும். தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்தும். கட்டை தேய்ந்தபடி கொஞ்ச தூரம் இழுபட்டு, தேர் நிற்கும். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால் தேர் அந்தப் பக்கமாகத் திரும்பும். இருபுறச் சக்கரங்களின் வேகத்தை மாற்றித் திரும்பும் இன்றைய ரோபோக்களும் செய்வது இதைத்தான். நின்றபின் அதே கட்டையே தேரைப் பிடித்தும் வைக்கிறது. ஆக, ஒரே உறுப்பு இரு வேலையையும் செய்த மிகப் பழைய எடுத்துக்காட்டு இது. ஆனால் அது எப்போது வேலை செய்ய வேண்டும் என்று கணிப்பவர் சக்கரத்துக்கு ஓரடி தள்ளி நிற்கும் மனிதர். முறையின் பலம் அவர் கண்ணில் இருக்கிறது, ஆபத்து அவர் காலடியில் இருக்கிறது.

திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் பொருத்தியதும், பிறகு ஹைட்ராலிக் பிரேக் வந்ததும் இதற்கு மாற்றாகத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரும் அதே வழியில் போனது. அப்படியும் முட்டுக்கட்டை ஒழிந்துவிடவில்லை. வேகத்தை அடக்க ஹைட்ராலிக், திசை திருப்பவும் நின்ற இடத்தில் நிறுத்தி வைக்கவும் கட்டை என்று வேலை பிரிந்துகொண்டது. இந்தப் பிரிவினை கவனிக்கத்தக்கது.

மலைச்சாலை அதே பிரிவினையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம், ஏறின கியரிலேயே இறங்கு என்பது. வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறிக் கைவிடாது. ஆனால் வண்டி நின்றுவிட்டால் எஞ்சினை மட்டும் நம்ப மாட்டார்கள். கைபிரேக்கைப் போட்டு, டயருக்கு அடியில் கல்லோ கட்டையோ வைப்பார்கள். ஓடும்போது ஒன்று, நின்றபின் வேறொன்று.

கொட்டகுடி கயிற்றுப்பாதையில் மூணாறு மலைத்தோட்டங்களின் தேயிலை இறங்கியது. அப்படிக் கீழ்நோக்கிப் போகும் சுமைக்குச் சக்தி தருவது எளிது, தடுப்பதுதான் பாடு. ரோபோ கை ஒன்றைத் தூக்கக் கணக்குப் போட்டுவிட்டு இறக்கக் கணக்குப் போடாமல் விடுகிறவர்கள் மறப்பது இதை.

மோட்டாரையே பிரேக் ஆக்குவது

முதல் நிலைப்பாடு, தனி பிரேக் எதற்கு என்பது. சாதாரண டி.சி. மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் அது ஜெனரேட்டராக மாறித் தன் சுழற்சியைத் தானே எதிர்க்கும். மோட்டார் கன்ட்ரோலர்களில் 'பிரேக்' என்று இருக்கும் தெரிவு செய்வது இவ்வளவுதான். கூடுதல் எடை இல்லை, செலவில்லை, தேய்மானமும் அநேகமாக இல்லை. முழு வேகத்தில் சுற்றும் மோட்டாரில் இந்தத் தடை, அந்த மோட்டார் தரக்கூடிய அதிகபட்ச முறுக்குவிசைக்கு ஏறத்தாழச் சமம். ஓடுவதை நிறுத்துவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் வேகம் குறையக் குறையத் தடையும் அதே விகிதத்தில் குறையும். வேகம் பூஜ்ஜியமானால் தடையும் பூஜ்ஜியம். எனவே உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பாரம் தொங்கும் ரோபோ ஒருபோதும் முழுதாக நிற்காது, மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மெதுவாக என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் போட்டிகளில் பல ஆண்டுகள் புழங்கிய சிஐஎம் மோட்டார் 12 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்குச் சுமார் 5,300 சுற்றுகள் சுற்றும். அதன் அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். 50 கிலோ ரோபோ ஒன்று 5 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் கயிறு சுற்றித் தொங்குகிறது, இடையில் 50க்கு 1 கியர் என்று வைத்துக்கொள்வோம். டிரம்மில் சுமார் 12 நியூட்டன் மீட்டர், மோட்டாரில் அதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது அதிகபட்ச விசையில் பத்து சதவீதம். அப்படியென்றால் மோட்டார் தன் முழு வேகத்தின் பத்து சதவீதத்தில், நிமிடத்துக்கு 530 சுற்று, பின்னோக்கிச் சுற்றும். டிரம்மில் அது நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுக்குச் சற்று மேல். கயிறு நொடிக்கு ஏறக்குறைய 2.8 செ.மீ. நழுவும். ஐந்து நொடியில் 14 செ.மீ. கியர் பாக்ஸின் உராய்வு இதைக் குறைக்கும், சில சமயம் நிறுத்தியே விடும். ஆனால் அந்த உராய்வு இத்தனை என்று யாரும் உறுதி தர முடியாது. தரையைத் தொடாமல் தொங்கினால்தான் மதிப்பெண் என்ற ஆட்டத்தில் 14 செ.மீ. வெற்றி தோல்வியைத் தீர்மானித்துவிடும்.

அப்படியானால் மோட்டாருக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தே பிடித்து வைக்கலாமே என்பது இதன் கிளை வாதம். மேலே சொன்ன சுமைக்கு அது தாங்கக்கூடியதுதான். 13 ஆம்பியர், 16 வாட் அளவுக்கு வெப்பம். சுமை அதிகபட்ச விசையில் பாதியை எட்டினால் கதை மாறிவிடும். 65 ஆம்பியருக்கு மேல், 400 வாட்டை ஒட்டிய வெப்பம், அதுவும் சுற்றாமல் நிற்கும் மோட்டாரின் உள்ளே. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரம் அறுந்த கணத்தில் இந்த விடை இல்லாமல் போகிறது. அவசர நிறுத்தப் பொத்தான் பேட்டரியையே துண்டித்தால் கன்ட்ரோலரின் 'பிரேக்' தெரிவும் கூடவே போய்விடும். ரிலேயின் மின்சாரமில்லா நிலையில் மோட்டார் முனைகள் இணைந்திருக்கும்படி கம்பி இழுத்து இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. அது வேகத்தை அடக்கும், ஆனால் பிடித்து நிறுத்தாது.

வார்ம் கியர் மீதான நம்பிக்கை

இரண்டாவது நிலைப்பாடு இந்தியக் கல்லூரிகளில் செல்வாக்கு மிக்கது. கார் வைப்பர் மோட்டாரும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் விண்டோ மோட்டாரும் பழைய உதிரிபாகக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டினுள்ளும் வார்ம் கியர் இருக்கிறது. திருகு வடிவ வார்ம் பல்சக்கரத்தைச் சுழற்றும், பல்சக்கரம் வார்மைச் சுழற்றாது. பாதியில் நிறுத்திய கார்க் கண்ணாடி கையால் அழுத்தினாலும் இறங்காமல் இருப்பது இதனால்தான்.

வார்மின் திருகுச் சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும் என்பது பாடநூல் விதி. உராய்வு கெழு 0.1 என்றால் அந்த எல்லை 5.7 பாகை. விதி சரிதான், அதற்குள் இருக்கும் எண்தான் நிலையாக இருப்பதில்லை. கிரீஸ் வைத்த பற்கள் அசையத் தொடங்கியதும் உராய்வு குறைகிறது. பக்கத்து மோட்டாரின் அதிர்வோ, எதிர் ரோபோ மோதிய குலுக்கலோ போதும், நின்ற பாரம் துளித்துளியாக நழுவத் தொடங்கலாம். இதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. தானே பூட்டிக்கொள்ளும் வார்மின் செயல்திறன் பாதியைத் தாண்டாது என்பது அதே உராய்வுக் கணக்கிலிருந்து வருவது. தூக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் பாதிச் சக்தி வெப்பமாகப் போகிறது. வேகமாக ஏற வேண்டிய ரோபோவுக்கு இது கட்டுப்படியாகாது. சிறிய கை, திரும்பும் தலை, பிடிக்கும் விரல் போன்ற மெதுவான, லேசான இடங்களுக்கு வார்ம் நல்ல விடை. மொத்த ரோபோவையும் தாங்கும் இடத்தில் அதைத் தனியாக நம்புவது எச்சரிக்கைக்குரியது.

ராட்செட், பின்: பூட்டுவது எளிது

மூன்றாவது நிலைப்பாடு உராய்வையே நம்ப மறுக்கிறது. பல்லும் பல்லும் மோதி நிற்கட்டும், இரும்பு உடைந்தாலொழிய நழுவாது என்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் ராட்செட் இந்த வகை. துளைக்குள் ஸ்பிரிங் வேகத்தில் பாயும் பின்னும் இந்த வகையே. வலிமையைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. 8 மி.மீ. தடிமனுள்ள சாதாரண இரும்புப் பின் வெட்டுப்பட ஆயிரம் கிலோவை ஒட்டிய விசை வேண்டும். பின் தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை, துளை அதன் நேருக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி. ராட்செட்டிலும் இதே சிக்கல் உண்டு. முன்பு சொன்ன 5 செ.மீ. டிரம்மில் 12 பல் ராட்செட் வைத்தால், கொக்கி அடுத்த பல்லில் விழுவதற்குள் கயிறு 13 மி.மீ. வரை இறங்கிவிடலாம். 24 பல் என்றால் பாதியாகும், பல் சிறுத்துத் தேய்மானம் கூடும்.

உண்மையான சிக்கல் பூட்டைத் திறப்பதில் இருக்கிறது. பாரம் முழுவதும் கொக்கியின் முகத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்போது அதைச் சிறிய சர்வோ மோட்டாரால் இழுத்து எடுக்க முடியாது. முதலில் பாரத்தை ஒரு நூல் அளவு மேலே தூக்கி, கொக்கியைத் தளர்த்தி, பிறகே எடுக்க வேண்டும். பல்லின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் எளிதாகக் கழன்று வரும் என்று தோன்றும். இரும்பும் இரும்பும் உரசும்போது உராய்வு கெழு 0.15 என்று கொண்டால் எல்லை 8.5 பாகை. அதைத் தாண்டிச் சாய்த்தால் கொக்கி தானாகவே வெளியே தள்ளப்படும். எதிர்ப்புறமாக உட்சாய்த்தால் பாரம் இருக்கும்வரை திறக்கவே திறக்காது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் கோணத்தைப் பிடிக்க லேத்திலும் மில்லிங்கிலும் கைத்திறன் வேண்டும். கடையில் வாங்கிய ராட்செட் ஸ்பேனரை அப்படியே கியர் அச்சில் கோத்துவிடும் அணிகள் பெரும்பாலும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பவே அதைச் செய்கின்றன. ஆட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு முறை ஏறித் தொங்கிவிட்டு, ஆட்டம் முடிந்தபின் கையால் இறக்கப்படும் ரோபோவுக்கு அது போதுமானது. ஆட்டத்தின் நடுவில் ஏறி இறங்க வேண்டியதற்குப் போதாது.

உராய்வைப் பெருக்குவது: பட்டையும் வட்டும் கயிறும்

நான்காவது தரப்பு எந்த இடத்திலும் பிடிக்கவும் படிப்படியாக விடவும் உராய்வு பிரேக்கே வேண்டும் என்கிறது. சைக்கிள் டிஸ்க் பிரேக்கை நியூமேட்டிக் சிலிண்டரால் அழுத்துவது ஒரு வழி. டிரம்மைச் சுற்றிப் பட்டை இறுக்குவது இன்னொரு வழி. பட்டையின் கணக்கு 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வகுத்தது. உராய்வு கெழு 0.3 உள்ள கயிறு டிரம்மை ஒரு முழுச் சுற்று சுற்றியிருந்தால், ஒரு முனையில் இழுக்கும் விசையைப் போல ஆறரை மடங்கை மறுமுனை தாங்கும். இரண்டு சுற்றில் அது நாற்பது மடங்கைத் தாண்டும். சின்ன சர்வோ பெரிய பாரத்தைப் பிடிக்கும் அதிசயம் இங்கேதான் நடக்கிறது.

அதிசயம் கவிழ்வதும் இங்கேயே. எண்ணெய் பட்டு உராய்வு கெழு 0.3இலிருந்து 0.2க்கு இறங்கினால் டிஸ்க் பிரேக் தன் பிடியில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். ஒன்றரைச் சுற்றுப் பட்டையோ 17 மடங்கிலிருந்து ஆறரை மடங்குக்கு விழுந்து, அறுபது சதவீதத்தை இழக்கும். பெருக்கம் கூடக் கூட, பிசகும் அதே வேகத்தில் பெருகுகிறது. பயிற்சிக் கூடத்தில் துடைத்து வைத்த டிரம்மில் பார்த்ததைப் போட்டிக் களத்தில் எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

பிரேக்கை எங்கே வைப்பது என்பதும் இந்தத் தரப்புக்குள் தீராத வாதம். மோட்டார் பக்கம் வைத்தால் கியர் விகிதத்தின் பயனால் ஐம்பதில் ஒரு பங்கு விசை போதும். ஆனால் இடையில் செயின் அறுந்தாலோ பல் உடைந்தாலோ பிரேக் பிடித்தபடியே இருக்க, பாரம் விழும். எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க்கில் லிஃப்டின் கயிற்றை அறுக்கச் சொல்லிக் காட்டியபோது, பூட்டு மேலே இருந்த இயந்திரத்தில் இல்லை, லிஃப்ட் பெட்டியிலேயே இருந்து பக்கச் சட்டத்தைப் பிடித்தது. எடை வரம்புக்குள் அடங்க வேண்டிய மாணவர்கள் பெரும்பாலும் மோட்டார் பக்கத்தையே தேர்கிறார்கள். புரிந்துகொள்ளக்கூடிய தேர்வுதான். ஆனால் மனிதர்கள் அடியில் நிற்கக்கூடிய இடத்தில் அதை ஏற்க இயலாது.

சக்தி போனால் பிடிப்பதா, விடுவதா

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குக் கொண்டுவந்த முதல் ஏர் பிரேக், காற்றை அனுப்பிப் பிடிக்கச் செய்தது. குழாய் கழன்றால் பிரேக் இல்லை. சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக்கினார். அழுத்தம் இருக்கும்வரை விடும், அழுத்தம் போனால் பிடிக்கும். குமுளி மலைச்சாலையில் ஏறும் காய்கறி லாரியின் பார்க்கிங் பிரேக்கும், தொழிற்சாலை ரோபோக்களின் மூட்டுகளில் உள்ள மின்காந்த பிரேக்கும் இதே கொள்கையில், ஸ்பிரிங்கால் பிடித்துச் சக்தியால் விடுகின்றன.

போட்டி ரோபோக்களுக்கும் இதுவே சரி என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். மறுப்பும் பொருட்படுத்தத்தக்கது. ஒருவரின் கை இடுக்கில் மாட்டிய கணத்தில் அவசர நிறுத்தத்தை அழுத்தினால், ஸ்பிரிங் பிரேக் அந்தக் கையை அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதனால்தான் தொழிற்சாலை ரோபோக்கள் பலவற்றில் பிரேக்கை மட்டும் விடுவிக்கத் தனிப் பொத்தான் உண்டு. மாணவர்களின் வடிவமைப்பில் கையால் விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை ஆகாது.

தரையில் நிற்பது

தள்ளுமுள்ளு நடக்கும் ஆட்டங்களில் ரோபோ நகராமல் நிற்பதும் ஒரு பூட்டுதான். எல்லாத் திசையிலும் ஓடும் ஓம்னி, மெக்கானம் சக்கரங்களில் மோட்டாரைப் பூட்டினாலும் சின்ன உருளைகள் சுதந்திரமாகச் சுற்றும். 45 பாகையில் அமைந்தவற்றில் கிடைக்கும் பிடிப்பு சாதாரணச் சக்கரத்தினுடையதில் சுமார் எழுபது சதவீதம்தான். ரப்பர் பாதங்களைக் கீழே இறக்கி நிற்பது மேல்.

உயரமான ரோபோவுக்கு வேறொரு எல்லையும் உண்டு. அடித்தளம் 60 செ.மீ., எடை மையம் 50 செ.மீ. உயரத்தில் என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்கைத் தாண்டி பிரேக் போட்ட மாத்திரத்தில் ரோபோ முன்னே கவிழும், சக்கரத்தில் இன்னும் பிடிப்பு மீதி இருந்தாலும். அலங்காரத்தோடு 96 அடி என்று சொல்லப்படும் ஆழித் தேரை ஒரேயடியாக நிறுத்தாமல் சிறிது சிறிதாக அடக்குவதன் பொறியியல் காரணமும் இதுவே.

தீராதவை

ஒரு விஷயத்தில் கருத்து ஒற்றுமை உருவாகி வருவதாகச் சொல்லலாம். வேகத்தை அடக்க மோட்டாரின் மின்வழி பிரேக், நின்றபின் பிடிக்கத் தனிப் பூட்டு என்று பிரித்துவைப்பது, ஒரே உறுப்பை இரண்டுக்கும் நம்புவதைவிடப் பாதுகாப்பானது. கிணற்று ஏற்றத்தில் எதிர் எடை போல, ரோபோ கையின் எடையை ஸ்பிரிங்கால் சமன் செய்துவிட்டால் பூட்டின் சுமையே குறையும் என்பதிலும் பெரிய தகராறு இல்லை.

திறந்து கிடப்பவை மூன்று. அதிர்வில் வார்ம் கியர் எவ்வளவு நழுவும் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் சூத்திரம் கைவசம் இல்லை. ஒவ்வொரு அணியும் தன் மோட்டாரைத் தானே தொங்கவிட்டு, குலுக்கிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. தேய்ந்த பட்டையின் உராய்வை முன்கூட்டிச் சொல்வதும் அப்படியே. மூன்றாவதுதான் கடினமானது. சுமை இருக்கும்போதே பூட்டை விடுவித்து, கட்டுப்பாட்டோடு இறக்குவது.

இதற்கு ஒரு விடை ஒவ்வொரு பட்டறையிலும் ஏற்கெனவே தொங்குகிறது. லாரி எஞ்சினை இறக்கும் செயின் பிளாக்குக்குள் இருக்கும் வெஸ்டன் வகை பிரேக், பாரத்தின் எடையாலேயே திருகி இறுகிக்கொள்ளும். இறக்கும் பக்கம் சங்கிலியை இழுத்தால் இழுத்த அளவுக்கு மட்டும் தளரும், கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். தனி சர்வோ வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஜீப்பில் பொருத்தும் மின் வின்ச்சுகள் பலவற்றிலும் இதே இனத்தைச் சேர்ந்த பிரேக் டிரம்முக்குள் இருக்கிறது. இறங்கும் நேரமெல்லாம் உரசிச் சூடாவதும், திருகையும் வட்டுகளையும் துல்லியமாகக் கடைய வேண்டியிருப்பதும் இதன் குறைகள். முதல் குறை, சில நொடிகள் மட்டும் இறங்கும் போட்டி ரோபோவைப் பெரிதாகப் பாதிக்காது. இரண்டாவது, போடி அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களின் பட்டறைக்கு எட்டக்கூடியதுதான். அப்படியும் மாணவர் வடிவமைப்புகளில் ராட்செட்டுக்கும் வார்முக்கும் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை. 50 கிலோ அளவுக்குச் சுருக்கினால் இதன் எடை எவ்வளவு வரும், எண்ணெய் பட்டால் எவ்வளவு நழுவும், எத்தனை ஏற்ற இறக்கம் தாங்கும் என்ற மூன்றும் அளந்து பார்க்க வேண்டியவை. மலிவாகக் கிடைக்கும் அரை டன் செயின் பிளாக் ஒன்றைப் பிரித்து, அதன் வட்டுகளில் இருந்தே தொடங்கலாம்.